நிலாவுக்குப் பட்டா தருவார்களா?

விண்வெளியில் யாருடைய சட்டம் செல்லும் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளைப் படித்து முடிக்கவே இரண்டு நாளாயிற்று. பாதிக்கு மேல் நிலாவில் மனை வாங்குவது பற்றி. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, முடிந்த அளவுக்கு இங்கே.

கேள்வி: என் பிறந்தநாளுக்கு நண்பர்கள் காசு சேர்த்து நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கித் தந்தார்கள். சான்றிதழ், வரைபடம், மனை எண் எல்லாம் இருக்கிறது. இது செல்லுமா? சிரிக்காமல் பதில் சொல்லவும்.

சிரிக்கவில்லை. நல்லதாக ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவையுங்கள், அந்தக் காகிதத்துக்குப் பாதுகாப்பு தரக்கூடிய ஒரே சட்டம் அதுதான்.

1967இல் வந்த விண்வெளி உடன்படிக்கைதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மொத்தமே 17 பிரிவுகள், ஒரு மூச்சில் படித்துவிடலாம். அதன் இரண்டாம் பிரிவு சொல்வது இது: நிலா உள்ளிட்ட விண்பொருள்களையும் விண்வெளியையும் எந்த நாடும் தன்னுடையது என்று கோர முடியாது, இறையாண்மை என்று சொல்லியும் முடியாது, பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன், குடியிருக்கிறேன் என்று சொல்லியும் முடியாது, வேறு எந்த வழியிலும் முடியாது.

மனை விற்பவர்கள் (1980இல் அமெரிக்கர் ஒருவர் தொடங்கிவைத்த வியாபாரம் இது) சொல்லும் சாமர்த்தியம் என்னவென்றால், "நாடுகளுக்குத்தானே தடை, தனிமனிதருக்கு இல்லையே!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனை வாங்கும்போது நாம் முதலில் என்ன கேட்போம்? மூலப் பத்திரம். அதற்கு மூலம், அதற்கும் மூலம் என்று போனால் கடைசியில் ஓர் அரசில் போய் நிற்கும். நிலத்தின் மீது உரிமை என்பதே ஓர் அரசு அதை ஒப்புக்கொண்டு, பதிவு செய்து, தகராறு வந்தால் நீதிமன்றத்தில் காப்பாற்றித் தருவதால் வருவது. எந்த அரசுக்குமே உரிமையில்லாத இடத்தில் மூலப் பத்திரத்தை எழுதிக்கொடுக்க ஆளே இல்லை. போதாக்குறைக்கு ஆறாம் பிரிவு, தனியார் விண்வெளியில் செய்கிற எல்லாவற்றுக்கும் அவர்களுடைய நாடுதான் பொறுப்பு என்கிறது. தான் செய்யக்கூடாததைத் தன் குடிமகன் செய்ய ஓர் அரசு எப்படி அனுமதி தரும்?

இதை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்த ஒருவரும் உண்டு. ஈராஸ் என்ற சிறுகோள் தன்னுடையது என்று அமெரிக்காவில் ஒருவர் அறிவித்துக்கொண்டார். 2001இல் நாசாவின் நியர் ஷூமேக்கர் விண்கலம் அந்தச் சிறுகோளில் போய் இறங்கியது. உடனே நாசாவுக்கு ஒரு பில் அனுப்பினார், வண்டி நிறுத்தக் கட்டணம் 20 டாலர், நூறு வருடத்துக்குச் சேர்த்து! நாசா தரவில்லை. வழக்குப் போட்டார். 2004இல் தள்ளுபடி, மேல்முறையீட்டிலும் அதே கதி. கட்டணம் நியாயமானதுதான், இடம்தான் அவருடையது இல்லை.

கேள்வி: அப்படியானால் அமெரிக்கா 1969இல் அங்கே கொடி நட்டது எதற்கு?

படம் எடுக்க. கேலி இல்லை, ஏறக்குறைய அதுதான் உண்மை. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவுக்கான நிதிச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது: இந்தக் கொடி சாதனையின் பெருமையைக் காட்டும் அடையாளம் மட்டுமே, இறையாண்மை கோருவதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

கேள்வி: நிலம்தான் யாருக்கும் கிடையாது, சரி. அங்கிருந்து கனிமத்தைத் தோண்டிக் கொண்டுவந்தால்? தனியார் கம்பெனிகள் அதற்குத்தான் போகின்றன என்கிறார்களே.

குவிந்ததில் உருப்படியான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன்.

1967 உடன்படிக்கையில் தோண்டி எடுத்த பொருள் யாருக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஏன் எழுதவில்லை என்றால், அன்றைக்கு அது யாருடைய கவலையும் இல்லை. அதை எழுதியது யார் என்று யோசித்துப் பாருங்கள்: அமெரிக்காவும் சோவியத் யூனியனும். ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயந்த விஷயங்கள் இரண்டு. எதிராளி தலைக்கு மேல் அணுகுண்டை நிறுத்திவிடுவானோ, நிலாவில் முதலில் இறங்கி மொத்தத்தையும் எனது என்று சொல்லிவிடுவானோ. இந்த இரண்டு இடத்திலும் வாசகங்கள் இறுக்கமாக இருக்கின்றன. சுரங்கம், குப்பை, போக்குவரத்து என்று மற்ற எல்லாம் தொளதொள. என் கணிப்பில், இன்று வருகிற விண்வெளித் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தத் தொளதொளப்பில் கிளம்புபவைதான்.

1979இல் நிலா ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. நிலாவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச் சொத்து, தோண்டுவது சாத்தியமாகிற காலத்தில் ஒரு சர்வதேச ஏற்பாட்டின்கீழ்ப் பகிர்ந்துகொள்வோம் என்று அது சொன்னது. நல்ல எண்ணம். ஆனால் இருபது நாடுகள்கூட அதை ஏற்கவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் வெளியே. இந்தியா 1982இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை. உள்ளே இருந்த சவுதி அரேபியாவும் 2024 தொடக்கத்தில் விலகிவிட்டது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை, சமையல்காரர் மட்டும் வந்து காத்திருந்த கதை.

காலி இடத்தை நாடுகள் தனித்தனியாக நிரப்ப ஆரம்பித்தன. 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: எங்கள் குடிமக்கள் சிறுகோளிலிருந்தோ நிலாவிலிருந்தோ எடுத்த வளம் அவர்களுக்கே சொந்தம், விற்கலாம், ஆனால் இடத்துக்கு உரிமை கோரவில்லை. அடுத்து 2017இல் லக்ஸம்பர்க், அப்புறம் ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான். இவர்கள் எல்லாரும் சொல்லும் உவமை ஒன்றுதான், நடுக்கடல் மீன். கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் வலையில் விழுந்த மீன் வலை போட்டவருக்கு.

உவமை பாதிதான் பொருந்துகிறது என்பேன். மீன் மறுபடி பெருகும். நிலாவின் தென்துருவத்தில் நிரந்தர நிழலில் கிடக்கும் பள்ளங்களில் உறைந்திருக்கும் நீர் பெருகாது, அதுவும் நல்ல இடங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஓர் எந்திரத்தை இறக்கித் தோண்ட ஆரம்பித்தால் பக்கத்தில் இன்னொருவர் இறங்க முடியாது, இறங்கினால் கிளம்பும் தூசியும் கல்லும் முதல் எந்திரத்தைச் சிதைத்துவிடும். 2020இல் எட்டு நாடுகளோடு தொடங்கி இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டிருக்கும், அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாடு (இந்தியா 2023 ஜூனில் சேர்ந்தது, ரஷ்யாவும் சீனாவும் இல்லை) இதற்குத்தான் 'பாதுகாப்பு வளையம்' என்று ஒன்றைச் சொல்கிறது: நான் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி இவ்வளவு தூரம், வருவதானால் சொல்லிவிட்டு வா. உரிமை இல்லை, வேலி மட்டும். இந்த வேலி எத்தனை வருடம் நிற்கலாம், யார் அளப்பது? இதற்கு அதில் தெளிவான பதில் இல்லை.

விற்பனை புதிதில்லை. 1970இல் சோவியத்தின் லூனா 16 கலம் நிலாவிலிருந்து கொண்டுவந்த மூன்று சின்னத் துகள்கள், எடை சுமார் 0.2 கிராம், 1993 டிசம்பரில் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் 4,42,500 டாலருக்குப் போயின. யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெரிய சுரங்கம் வரும்போதும் இதைத்தான் முன்னுதாரணம் என்று எடுத்து நீட்டுவார்கள், பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: விண்வெளி எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் ஆரம்பிக்கிறது? சட்டப்படி சொல்லவும்.

சட்டப்படி ஆரம்பிக்கவே இல்லை. உடன்படிக்கை முழுக்க விண்வெளி, விண்வெளி என்று பேசிவிட்டு, அது எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளிக் குழு 1960கள் முதல் இதைப் பேசிக்கொண்டிருக்கிறது.

வழக்கத்தில் 100 கி.மீ. என்பார்கள், கார்மன் கோடு. ஆனால் அமெரிக்காவில் 80 கி.மீ. உயரத்தைத் தாண்டியவரையும் விண்வெளி வீரர் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 2021 ஜூலையில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு கோடீஸ்வரர்கள் தங்கள் சொந்தக் கலங்களில் போய்வந்தார்களே, ஒருவர் சுமார் 86 கி.மீ., மற்றவர் சுமார் 107 கி.மீ. யார் நிஜமாக விண்வெளிக்குப் போனவர் என்று இரண்டு தரப்பு ஆட்களும் இணையத்தில் அடித்துக்கொண்டது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

வேடிக்கை போகட்டும், விஷயம் வேறு. கீழே இருப்பது வான்வெளி, அது கீழுள்ள நாட்டுக்குச் சொந்தம், அனுமதி கேட்காமல் நுழைந்தால் சுட்டுத் தள்ளலாம். 2023 பிப்ரவரியில் சுமார் 18 கி.மீ. உயரத்தில் வந்த சீன பலூனை அமெரிக்கா அப்படித்தான் வீழ்த்தியது. அதே அமெரிக்காவின் மேலே ஐந்நூறு கி.மீ. உயரத்தில் உளவுச் செயற்கைக்கோள்கள் தினமும் போகின்றன, யாரும் வாய் திறப்பதில்லை. நடுவில் எங்கேயோ 'என் வானம்' முடிந்துபோகிறது. கோடு போட்டால் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட மாதிரி ஆகும் என்று பெரிய நாடுகள் நினைப்பதால், கோடு இல்லாமலே காலம் ஓடுகிறது.

கேள்வி: செயற்கைக்கோள் துண்டு என் வீட்டுக் கூரையில் விழுந்தால் நான் யார் மீது வழக்குப் போடுவது?

யார் மீதும் போட வேண்டாம், உங்கள் அரசிடம் போய்ச் சொல்லுங்கள். விண்வெளிச் சட்டத்தில் நீங்களும் நானும் கம்பெனியும் கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாத ஆட்கள். அங்கே பேசிக்கொள்வது நாடும் நாடும்தான்.

1972ஆம் ஆண்டின் இழப்பீட்டு உடன்படிக்கை இந்த இடத்தில் மிகக் கறார். தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் என்றால் தவறு யாருடையது என்ற பேச்சே கிடையாது, ஏவிய நாடு கொடுத்தாக வேண்டும். யார் ஏவிய நாடு? ஏவியவர், ஏவச் சொன்னவர், எந்த மண்ணிலிருந்து ஏவப்பட்டதோ அந்த நாடு, யாருடைய ஏவுதளமோ அந்த நாடு, இத்தனை பேரும். ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டுத் தளத்திலிருந்து அனுப்பினால் இருவருமே மாட்டுவார்கள். அந்தப் பொறுப்பு தீர்வதும் இல்லை, கம்பெனி திவாலாகி மூடப்பட்டாலும் நாடு இருக்கிறதே. பாதிக்கப்பட்ட நாடு ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

முறைப்படி இப்படிக் கேட்டது இதுவரை ஒரே ஒரு முறை. 1978 ஜனவரி 24, சோவியத்தின் காஸ்மாஸ் 954 கட்டுப்பாடு இழந்து கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறி விழுந்தது. சாதாரணச் செயற்கைக்கோள் இல்லை, உள்ளே சிறிய அணு உலை. யார் தலையிலும் விழவில்லை, ஆளரவமற்ற பனிவெளி. ஆனால் அந்தக் குளிரில், பனிக்குள் புதைந்த கதிரியக்கத் துண்டுகளை விமானத்தில் கருவிகளோடு பறந்து பறந்து தேடினார்கள், கண்டுபிடித்த இடத்தில் இறங்கிப் பொறுக்கினார்கள், மாதக்கணக்கில். கனடா கேட்டது சுமார் 60 லட்சம் கனடிய டாலர். 1981இல் சோவியத் கொடுத்தது 30 லட்சம். பேரம் பேசிப் பாதியில் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு ஓர் உலோகத் துண்டு இறங்கியது. பத்து சென்டிமீட்டர் உயரம், நாலு சென்டிமீட்டர் அகலம், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் பையன் மட்டும் இருந்தான், தப்பித்தான். நாசா வாங்கி ஆராய்ந்து, எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது: 2021இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட பழைய பேட்டரி மூட்டையின் பாகம், முழுவதும் எரிந்துபோகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் 80,000 டாலருக்கு மேல் கேட்டது. இதில் என்ன சிக்கல்? உடன்படிக்கை, ஏவிய நாடு தன் சொந்தக் குடிமக்களுக்கு உண்டாக்கும் சேதத்துக்குப் பொருந்தாது! அதே துண்டு வேறு நாட்டில் விழுந்திருந்தால் தவறு இருந்ததா இல்லையா என்ற கேள்வியே எழாமல் அமெரிக்கா கொடுத்திருக்க வேண்டும். சொந்த நாட்டில் விழுந்ததால் அவர்கள் உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் அலைய வேண்டியதாயிற்று.

கேள்வி: விழுந்த துண்டைக் கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாமா? நல்ல விலை போகும் என்கிறார்கள்.

கூடாது. முதலில், தொடவே தொடாதீர்கள், சில எரிபொருள் மிச்சங்கள் கடும் விஷம். அடுத்து, வானத்திலிருந்து விழுந்ததால் அது யாருமற்ற பொருள் ஆகிவிடாது. பதிவு செய்த நாட்டின் அதிகாரமும் சொந்தக்காரரின் உரிமையும் அது எங்கே கிடந்தாலும் தொடரும். 1968 மீட்பு ஒப்பந்தப்படி உங்கள் அரசு ஏவிய நாட்டுக்கும் ஐ.நா.வுக்கும் தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும், செலவு அவர்களுடையது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரையில் ஆளுயரத்தையும் தாண்டிய செப்பு நிற உருளை ஒன்று ஒதுங்கியதே, பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு, அது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பாகம் என்று இஸ்ரோ உறுதி செய்தது.

கேள்வி: மேலேயே இரண்டு செயற்கைக்கோள் மோதிக்கொண்டால்? சிக்னல், போலீஸ் ஏதாவது உண்டா?

இரண்டும் இல்லை. தரையில் கறாராக இருந்த அதே உடன்படிக்கை மேலே போனதும் குரலை இறக்கிவிடுகிறது: யார் தவறு என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. சாலை விதியே இல்லாத இடத்தில் தவறு என்பதை எதை வைத்துச் சொல்வது?

2009 பிப்ரவரி 10இல் சைபீரியாவுக்கு மேலே 789 கி.மீ. உயரத்தில் இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தனியார் செயற்கைக்கோளும், செத்துக் கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251உம் மோதின. தொடர்ந்து கண்காணிக்கக்கூடிய அளவு துண்டுகள் மட்டுமே ஏறக்குறைய 2,000. செத்துப்போனதை நடுவழியில் விட்டது தவறு என்று ஒரு பக்கம், உயிரோடு இருந்தது நகர்ந்திருக்கலாமே என்று இன்னொரு பக்கம். எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

மோதல் வரும்போல் தெரிந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா, மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். 2019 செப்டம்பர் 2ஆம் தேதி ஐரோப்பிய விண்வெளி முகமை தன் ஏயோலஸ் செயற்கைக்கோளைச் சற்று உயர்த்தி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளிடமிருந்து விலக்கியது. ஆபத்து கூடிவிட்டது என்ற அடுத்த கட்டத் தகவல் எதிர்த்தரப்பில் பணியில் இருந்தவர் கண்ணில் படவில்லை, அவரைக் கூப்பிடும் மென்பொருளில் கோளாறு என்று ஸ்பேஸ்எக்ஸ் விளக்கம் சொன்னது. மணிக்கு 27,000 கி.மீ. வேகத்தில் போகிற இரண்டு பொருள், நடுவில் படிக்கப்படாத ஒரு மின்னஞ்சல். இயங்கும் செயற்கைக்கோள்கள் இப்போது 10,000ஐத் தாண்டிவிட்டன. சரி, விடுங்கள், பயமுறுத்துவது என் வேலையில்லை.

கேள்வி: குப்பையை யாராவது போய் அள்ளிவிட வேண்டியதுதானே?

அள்ளலாம், சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால். மேலே சொன்னேனே, உரிமை தொடரும் என்று, செத்த செயற்கைக்கோளுக்கும் அதேதான். வேறு நாட்டுக் குப்பையைத் தூக்க ஒரு கலம் அனுப்பினால் அந்த நாடு சும்மா இருக்காது. குப்பையைப் பிடிக்கத் தெரிந்த கை நல்ல செயற்கைக்கோளையும் பிடிக்கும் என்ற சந்தேகம் எல்லாருக்கும் உண்டு, அது நியாயமும்கூட.

குப்பை போடாதே என்பதற்கு 2007இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தன, 2019இல் நீண்டகாலப் பாதுகாப்புக்காக இன்னும் 21. எல்லாமே விருப்பப்பட்டால் கடைப்பிடிப்பது. பல் இருப்பது உள்நாட்டு உரிமங்களில்தான். 2023 அக்டோபரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் டிஷ் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 1,50,000 டாலர் அபராதம் போட்டது, விண்வெளிக் குப்பைக்காக அது போட்ட முதல் அபராதம். எக்கோஸ்டார் 7 என்ற பழைய செயற்கைக்கோளை ஓய்வுபெறும்போது 300 கி.மீ. மேலே தள்ளிவைப்பதாகச் சொல்லிவிட்டு, எரிபொருள் தீர்ந்து 122 கி.மீ.யோடு நின்றுவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இந்தத் தொகை டீ செலவு, ஆனால் அடுத்த உரிமம் கேட்டு அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டும், அங்கேதான் உறைக்கும்.

கேள்வி: விண்வெளியில் ஆயுதம் வைக்கத் தடை இருக்கிறதே, பிறகு ஏன் செயற்கைக்கோளைச் சுட்டுப் பழகுகிறார்கள்?

தடை நீங்கள் நினைக்கும் அளவுக்கு அகலமில்லை. நான்காம் பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. அணு ஆயுதம் போன்ற பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் நிறுத்தாதே. நிலா போன்ற விண்பொருள்களில் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி எதுவும் கூடாது. அவ்வளவே. சாதாரண ஆயுதம் சுற்றுப்பாதையில் இருந்தால்? பேச்சில்லை. அணு ஏவுகணை விண்வெளி வழியாகப் பறந்து கீழே வந்தால்? அது சுற்றுப்பாதையில் நிற்கவில்லையே. தரையிலிருந்து சுட்டால்? அதுவும் இதில் வராது.

அணுகுண்டு விஷயத்தில் இவ்வளவு கறார் ஏன் என்றால், ஒரு தடவை பட்டுவிட்டார்கள். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் மேல் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,450 கி.மீ. தள்ளி ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, வானம் சிவந்தது. கிளம்பிய கதிர்வீச்சில் பல செயற்கைக்கோள்கள் கெட்டுப்போயின, அமெரிக்காவின் சொந்தச் செயற்கைக்கோள்கள் உட்பட.

செயற்கைக்கோளைச் சுட்டு உடைத்துக் காட்டியவை நான்கு நாடுகள்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா. 2007இல் சீனா உடைத்ததில் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள். இந்தியா 2019 மார்ச்சில் சுமார் 283 கி.மீ. உயரத்தில் செய்தது, தாழ்வான உயரம் என்பதால் பெரும்பாலானவை சீக்கிரம் எரிந்து தீர்ந்தன. 2021 நவம்பரில் ரஷ்யா உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தப்பிக்கும் கலங்களுக்குள் போய் ஒடுங்க வேண்டியிருந்தது, அதில் ரஷ்யர்களும் உண்டு! 2022 டிசம்பரில் இப்படிப்பட்ட சோதனைகள் வேண்டாம் என்று ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் வாக்களித்தன. கட்டுப்படுத்தாத தீர்மானம்தான். 2024 ஏப்ரலில் 'விண்வெளியில் அணு ஆயுதம் வேண்டாம்' என்ற பழைய பாடத்தையே பாதுகாப்பு மன்றத்தில் மறுபடி சொல்லப் பார்த்தார்கள், ரஷ்யா வீட்டோ போட்டது.

கேள்வி: விண்வெளி நிலையத்தில் ஒருவர் இன்னொருவரை அடித்துவிட்டால் எந்த நாட்டுச் சட்டம்?

அடித்தவருடைய நாட்டுச் சட்டம். 1998இல் 15 நாடுகள் போட்ட ஒப்பந்தம் முதலில் குடியுரிமையைப் பார்க்கச் சொல்கிறது. மற்றபடி நிலையம் ஒரே வீடு மாதிரித் தெரிந்தாலும் அறைக்கு அறை பதிவு செய்த நாடு வேறு, கதவைத் தாண்டினால் ஜப்பான், இந்தப் பக்கம் ஐரோப்பா. கனடா ஒருபடி மேலே போய், நிலாவில் கனடிய வீரர் குற்றம் செய்தாலும் கனடாவிலேயே செய்ததாக வைத்துக்கொள்வோம் என்று 2022இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. அங்கே பிறக்கும் குழந்தைக்கு எந்தக் குடியுரிமை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உடன்படிக்கையில் ஒன்றும் இல்லை, அம்மா அப்பாவின் நாட்டுச் சட்டம்தான் கைகொடுக்கும்.

கேள்வி: சுற்றுப்பாதையில் இடம் யார் ஒதுக்குகிறார்கள்? பூமத்திய ரேகை நாடுகள் அதை எங்களுடையது என்று சொன்னதாகப் படித்தேன்.

சரியாகப் படித்திருக்கிறீர்கள். பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பது போல் தோன்றும் செயற்கைக்கோள்கள் எல்லாம் 35,786 கி.மீ. உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஒரே வளையத்தில்தான் இருக்க முடியும். 1976இல் கொலம்பியா, ஈக்வடார், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகள் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு மேலுள்ள வளையம் எங்களுக்கே என்று அறிவித்தன. உலகம் ஏற்கவில்லை. ஆனாலும் கொலம்பியாவின் அரசியலமைப்பில் அந்த வரி இன்றும் இருக்கிறது. அவர்கள் கோரிக்கையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்க மாட்டேன். பணக்கார நாடுகள் முதலில் போய் எல்லா இடத்தையும் பிடித்துவிடும் என்ற அவர்கள் பயம் பொய்யில்லை.

ஒதுக்குவது ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். இடத்தைத் தனியாக இல்லை, அலைவரிசையோடு சேர்த்து. பெரும்பாலும் முந்தி வந்தவருக்கு முன்னுரிமை, ஏழு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதனால் காகிதத்தில் மட்டும் இருக்கும் செயற்கைக்கோள்கள் பெருகின. 1988இல் குட்டித் தீவு நாடான டோங்கா 16 இடங்களுக்கு விண்ணப்பித்தது, சொந்தத் தேவைக்கு இல்லை, வாடகைக்கு விட! 2021இல் ருவாண்டா மூன்று லட்சத்து 27 ஆயிரம் செயற்கைக்கோள்களுக்கு மனுப் போட்டது. பெரிய தொகுப்புகளுக்கு இப்போது அந்த ஏழு வருடம் முடிந்தபின் இரண்டு வருடத்தில் 10 சதவீதம், ஐந்தில் 50, ஏழில் முழுதும் என்று படிப்படியாகக் கெடு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நிலாவில் விட்டுவந்த பழைய வண்டிகள் இப்போது யாருடையவை?

விட்டுவந்தவர்களுடையவை. ஒன்று மட்டும் விதிவிலக்கு. நிலாத் துகள்கள் விற்ற அதே 1993 ஏலத்தில், 1970இல் சோவியத் இறக்கிய லூனாகோட் 1 என்ற எட்டுச் சக்கர வண்டியையும் விற்றார்கள், நிலாவில் நின்ற இடத்தில் நின்றபடி, 68,500 டாலருக்கு. வாங்கியவர் ஒரு வீடியோ கேம் வடிவமைப்பாளர். சரியாக எங்கே நிற்கிறது என்றே அப்போது தெரியாது. 2010இல் நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் எடுத்த படத்தில் புள்ளியாகத் தெரிந்தது, குறிவைத்துப் பூமியிலிருந்து லேசர் அனுப்பினார்கள், அதன் முதுகிலிருந்த கண்ணாடி பட்டென்று ஒளியைத் திருப்பி அனுப்பியது.

வண்டி அவருடையது. அது நிற்கும் மண் அவருடையது இல்லை. அது எதையாவது இடித்துச் சேதமானால், ஏவிய நாட்டின் வாரிசு என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியது ரஷ்யா. 1971 முதல் அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பது இரண்டு தரப்புக்கும் நல்லது.